பாக்ஸ்டி சுட்ட அனுபவம்: உங்களுக்கு எப்படி?

மழைச்சாரல்:
அயர்லாந்தில், லீட்ரிம் மாவட்டத்து ட்ரம்ஷான்போ பக்கம், ஒரு பாட்டி வீட்டு மாடியில் எட்டு மாதம் குடியிருந்தேன். பாக்ஸ்டி என்றால் துருவிய பச்சை உருளைக்கிழங்கையும் மசித்த கிழங்கையும் சேர்த்துச் சுடும் அந்தப் பக்கத்து அடை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு காலை நானும் உதவுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்தாயிற்று. கிண்ணத்தில் செம்மண் கலந்த மாதிரி ஒரு தண்ணீர். கழுநீர்தானே என்று தொட்டியில் கொட்டிவிட்டேன். பாட்டி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தின் அடியில் கீற்றாக ஒட்டியிருந்த வெள்ளை மாவை விரலால் வழித்து என் உள்ளங்கையில் தடவிவிட்டார். தண்ணீரைத் தெளியவைத்து, மேலே உள்ளதை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கும் அந்த மாவைத் திரும்பச் சேர்க்கவேண்டுமாம். அன்றைக்குக் கல்லில் வந்தது அடை இல்லை, உதிரி உதிரியாக ஒரு பொரியல். அதையும் வெண்ணெய் போட்டு முழுக்கச் சாப்பிட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டப்ளின்காரன்:
இதுக்குப் போய் இவ்வளவு வருத்தமா! பெல்ஃபாஸ்டில் ஒரு விடுதியில் காலைச் சாப்பாட்டோடு எனக்கும் பாக்ஸ்டி வைத்தார்கள். முக்கோணமாக, வெளுப்பாக, உப்பு இல்லாத சப்பாத்தி மாதிரி. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் கேட்டே வாங்கிக்கொண்டார்.

கிழங்குமாமா:
தம்பி, நீங்கள் சாப்பிட்டது பாக்ஸ்டியே இல்லை. முக்கோணமாக இருந்தால் அது ஃபார்ல். வேகவைத்து மசித்த கிழங்கு, மாவு, வெண்ணெய், அவ்வளவுதான். வட்டமாகத் தேய்த்து நாலாக வெட்டிச் சுடுவது, அல்ஸ்டர் ஃப்ரை என்கிற வட அயர்லாந்துப் பொரித்த காலைச் சாப்பாட்டில் கட்டாயம் இருக்கும். பாக்ஸ்டியில் பச்சைத் துருவல் பாதி, மசியல் பாதி. எனக்கும் முதல் தடவை நடு வேகாமல் பச்சை வாடை அடித்தது, மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

சரி, செய்யப்போகிறவர்களுக்கு: துருவல் கால் கிலோ, மசியல் கால் கிலோ, மைதா கால் கிலோ, ஆப்பசோடா ஒரு சின்ன ஸ்பூன், உப்பு. மோர் ஊற்றி இட்லிமாவுப் பதத்துக்குக் கரையுங்கள். நம் வீட்டு நீர்மோர் சரிப்படாது. இங்கே அட்டைப்பெட்டியில் விற்கிறதே, கெட்டியாகப் புளிப்பாக, அதுதான் வேண்டும். அந்தப் புளிப்பு இருந்தால்தான் சோடா வேலை செய்யும். கிழங்கு மாவுமாவாக உடைகிற ரகமாக இருக்கட்டும். ரூஸ்டர் போதும், கார்லோவில் ஓக் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய சிவப்புத்தோல் ரகம், எந்தக் கடையிலும் கிடைக்கும். சாலட் கிழங்கை வாங்காதீர்கள், பசையாகிவிடும். துருவியதும் பிழிந்துவிடுங்கள், வைத்தால் கறுக்கும். தீ மிதமாக, பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். அவசரப்பட்டுத் திருப்பினால் பிய்ந்துபோகும். மிக்ஸியில் அரைக்கலாமா என்று யாரும் கேட்காதீர்கள்.

டப்ளின்காரன்:
மாமா, அங்கே பாக்ஸ்டி என்றுதான் எழுதியிருந்தது. எழுதினவனிடம் போய்ச் சண்டை போடுங்கள். அப்புறம், மிக்ஸியில் ஏன் கூடாது?

கார்க்_அக்கா:
சண்டை வேண்டாம்ப்பா. தெற்கே நாங்கள் இதை அதிகம் பார்ப்பதில்லை, இது லீட்ரிம், கேவன், ஃபெர்மனா பக்கத்துப் பண்டம். கேவனில் தோழி வீட்டுக்குப் போனபோது வேகவைத்த பாக்ஸ்டி செய்திருந்தார்கள். பெரிய கொழுக்கட்டை மாதிரி உருட்டித் தண்ணீரில் போட்டு எடுத்தது. ஆறுவதற்காக மேசையில் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டேன். ரப்பர்! அவள் அப்பா செய்தித்தாளை இறக்கி, என்னைப் பார்த்து, திரும்ப ஏற்றிக்கொண்டார். மறுநாள் வில்லை வில்லையாக நறுக்கி வெண்ணெயில் சிவக்கப் பொரித்தபோதுதான் புரிந்தது. என் பல் பதிந்த துண்டையும் சேர்த்தே பொரித்திருந்தார்கள்.

மழைச்சாரல்:
அக்கா, சிரித்துவிட்டேன். மாமா, நான் அளவு கேட்கவே இல்லையே! இருந்தாலும் நேற்று செய்தேன். தண்ணீரை இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தேன். கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் மாவு கல்லாக நிற்கிறது, ஸ்பூனால் சுரண்டவேண்டியதாகிவிட்டது. முதல் இரண்டும் கருகின. மூன்றாவது முழுசாகத் திரும்பியது, அதைப் படம் எடுத்துப் பாட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.