டேகேர் முற்றத்தில் செயற்கைப் புல்: யாராவது போட்டிருக்கிறீர்களா?

வணக்கம். மடிப்பாக்கத்தில் சின்னதாக ஒரு டேகேர் நடத்துகிறோம். பின்பக்கச் சிமெண்ட் தரையில் செயற்கைப் புல் விரித்து, பிள்ளைகள் கோல்ஃப் பந்து உருட்டி விளையாட ஒரு குட்டித் தளம் போட ஆசை. முறையான குழி 108 மி.மீ. அகலம்தான், நான்கு வயசுக்குக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கலாம். கடைக்காரர் 40 மி.மீ. உயரப் புல்லைத் தலையில் கட்டப் பார்க்கிறார். அதில் பந்து எங்கே உருளும்?

மே மாத வெயிலில் இந்தப் புல் வெறுங்காலைச் சுட்டுவிடுமே, நிழல்வலை போதுமா, ஷீட் கூரையே வேண்டுமா? ஐப்பசி மழையில் எங்கள் தெருவே குளம். தரையை வடிகால் பக்கம் சரித்துப் பூசினால் போதுமா, இல்லை உடைத்து ஜல்லி கொட்ட வேண்டுமா? அப்புறம், சின்னதுகள் மூச்சா போனால் அந்த நாற்றத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

நங்கநல்லூர், வேளச்சேரி பக்கம் போட்டவர்கள் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.