புதுப்பிப்பு: சிக்னலில் நின்றால் சூடேறும் கார்

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது, பைபாஸில் ஓடினால் இறங்கிவிடுகிறது என்று என் பழைய டீசல் காரைப் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும் என்று பயமுறுத்தியவர்களே அதிகம். நல்லவேளை, அது இல்லை.

ஓடும்போது எதிர்க்காற்றே, எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. அந்த ஃபேன் சுற்றவே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்தால் மோட்டார் நன்றாகச் சுற்றியது. அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை. அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை மாற்றினோம், ஃபேன் சரியானது.

ஆனாலும் ஏசி போட்டால் முள் ஏறியது. ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே உப்புப் படிவு. பழைய ஓனர் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் போல! சுத்தம் செய்து, கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்றுக் குமிழ் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகியிருந்ததால் மூடியும் புதிது. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதனால்தான் சூட்டோடு அதைத் திறக்கவே கூடாது.

எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றார் மெக்கானிக். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரமாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

இப்போது ஏசியோடு நெரிசலில் நின்றாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. வாட்டர் பம்ப் பக்கம் லேசான ஈரம் தெரிகிறது, அதை அடுத்த சர்வீஸில் பார்க்க வேண்டும்.