கோடை ஆய்வில் வைரஸைப் படம் பிடிக்க: கிரிட், சாயம், மாதிரி பற்றிச் செய்தவர்கள் சொல்வது

திருமங்கலம் மாணவி

கோடை ஆய்வுக்கு 8 வாரம் இடம் கிடைத்திருக்கிறது. தலைப்பு: வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸின் வடிவம், எலக்ட்ரான் நுண்ணோக்கியில். கிரிட்டை (மாதிரி வைக்கும் சிறு வலைத் தட்டு) கையால் தொட்டதில்லை. எதில் நேரம் போகும், எது சொதப்பும் என்று அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்களேன்.

ஒத்தக்கடை, பயிர்நோயியல்

முதலில் தலைப்பைப் பேசிவிடுவோம் தங்கச்சி. வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் வெண்டைத் தோட்டத்தில் இறங்கினால் மஞ்சள் நரம்பு இலை வேண்டிய மட்டும் கிடைக்கும். இலை கிடைப்பது வேறு, வைரஸ் கிடைப்பது வேறு. இது வெள்ளை ஈ பரப்பும் ஜெமினிவைரஸ். ஏறத்தாழ 18 x 30 நானோமீட்டரில் இரண்டு உருண்டை ஒட்டிய இரட்டைத் துகள், அதன் உறையில் 110 புரதப் பிரதிகள். பெரும்பாலும் ஃப்ளோயம் (உணவு கடத்தும்) திசுவுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால் இலைச்சாற்றில் செறிவு மிகக் குறைவு. கிலோ கணக்கில் இலை அரைத்து, அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் (அதிவேகச் சுழற்சிக் கருவி) சுற்றித் தூய்மைப்படுத்துவதற்கே 8 வாரமும் போய்விடும். சிறுமலை, கீழ்ப்பழனி மலை வாழையின் முடிக்கொத்து வைரஸும் இதே கதைதான்.

வழிகாட்டியிடம் பேசி, கூடவே எளிதான ஒரு வைரஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையில் தேமல் வைரஸ் இருந்தால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது: 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன், விறைப்பான குச்சி, எளிதில் சிதையாது. பப்பாளி வளையப்புள்ளி வைரஸும் நல்லது: 760 முதல் 800 நானோமீட்டர் நீளம், 12 நானோமீட்டர் தடிமன், வளைந்து நெளியும் இழை. இதை வேகமாகச் சுற்றினால் உடையும், ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இந்த இரண்டுக்கும் தூய்மைப்படுத்தாமலே முதல் படம் எடுக்கலாம். அறிகுறி தெளிவாக உள்ள இளம் இலையில் 2, 3 மில்லிமீட்டர் துண்டை, பாராஃபில்ம் (மெழுகுத் தாள்) மேல் வைத்த ஒரு சொட்டுச் சாயத்தில் போட்டு பிளேடால் நறுக்குங்கள். அந்தச் சொட்டின் மேல் கிரிட்டின் கார்பன் பக்கத்தை ஒரு நிமிடம் மிதக்கவிட்டு, ஃபில்டர் பேப்பரால் ஓரத்தில் ஒற்றி எடுங்கள். சாயம் 2% பாஸ்போடங்ஸ்டிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7க்குக் கொண்டுவந்தது.

மே மாத வெயிலில் தோட்டத்திலிருந்து ஆய்வகம் வருவதற்குள் இலை வெந்துவிடும். பாலிதீன் உறையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் இலையை நேரடியாகத் தொடக்கூடாது, தொட்ட இடம் கருகிப்போகும்.

நாகமலை, நுண்ணோக்கி ஆய்வகம்

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். வெள்ளரித் தேமல் வைரஸாக இருந்தால் பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் கூடாதுங்க. 29 நானோமீட்டர் உருண்டை, அந்தச் சாயத்திலேயே சிதைந்துவிடும். மாணவர்கள் 'வைரஸே இல்லை' என்று எழுதிவிடுவார்கள். அதற்கு யுரானைல் அசிடேட்தான்.

யுரானைல் அசிடேட் 1 முதல் 2 சதவீதம், பி.எச். 4.5க்குக் கீழே. ஒளி பட்டால் கெடும், அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். பயன்படுத்துமுன் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். லேசான கதிரியக்கமும் நச்சும் உண்டு: கையுறை கட்டாயம், கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேருங்கள்.

தூய்மையான மாதிரிக்கு வரிசை இது. கார்பன் பூசிய 300 அல்லது 400 மெஷ் (அங்குலத்துக்கு அத்தனை கண்ணி) செப்பு கிரிட்டை க்ளோ டிஸ்சார்ஜில் (நீர் ஒட்டும்படி மின் பிளாஸ்மாவில் காட்டுவது) 15 முதல் 25 மில்லிஆம்பியர், 30 நொடி. பிறகு மாதிரி 3 முதல் 4 மைக்ரோலிட்டர், ஒரு நிமிடம். ஓரத்தில் ஒற்று. இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் கழுவு. சாயச் சொட்டு 30 நொடி. மீண்டும் ஒற்று, காற்றில் உலரவிடு.

கெடுவது எங்கே என்றால்:

க்ளோ டிஸ்சார்ஜ் செய்து நெடுநேரம் கழித்து எடுத்தால் கிரிட் மறுபடி நீரை ஒட்டவிடாது. சொட்டு முத்தாக எழுந்து நிற்கும், சாயம் திட்டுத்திட்டாகப் படியும். செய்த அரை மணிக்குள் மாதிரியை வைத்துவிடுங்கள்.

பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) உள்ள மாதிரியைக் கழுவாமல் யுரானைல் போட்டால் வீழ்படிவு வரும். படம் முழுக்கக் கறுப்பு ஊசிகள், புள்ளிகள். டிரிஸ் அல்லது ஹெப்பஸ் பஃபருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுக்ரோஸ், சீசியம் குளோரைடு கிரேடியண்டிலிருந்து (அடர்த்தி படிப்படியாகக் கூடும் கரைசல்) எடுத்ததை டயலிசிஸ் (சவ்வு வழியாக அவற்றை வெளியேற்றுவது) செய்யாமல் வைக்கவே வேண்டாம்.

ட்வீசரின் இரு முனைக்கிடையே திரவம் மேலேறி நிற்கும். ஒற்றியதாக நினைத்துக் கிரிட்டை விடும்போது அது திரும்பி இறங்கிச் சாயத்தைக் குழப்பும். பேப்பரின் கூர் முனையை முனைகளுக்கிடையே செருகி அதையும் உறிஞ்சுங்கள்.

சாயத்தைச் சுத்தமாக ஒற்றி எடுத்துவிட்டால் துகள் வெளுப்பாகத் தெரிவதற்குப் பதில் கறுப்பாகத் தெரியும். நெகடிவ் ஸ்டெயினில், அதாவது சாயம் துகளைச் சுற்றிப் படியும் இம்முறையில், துகள் வெளுப்பு, சுற்றுப்புறம் கறுப்பு. விளிம்பு வெளுத்து நடு மட்டும் கறுத்திருந்தால், சாயம் உள்ளே புகுந்த காலிக் கூடு என்று பொருள். மரபுப்பொருள் அதில் இல்லை.

படம் எடுக்கும்போது உருப்பெருக்க எண்ணை அப்படியே நம்பவேண்டாம். மாதிரியில் கொஞ்சம் புகையிலைத் தேமல் வைரஸைக் கலந்தால் அதன் சுருளிடைவெளி 23 ஆங்ஸ்ட்ராம் (2.3 நானோமீட்டர்) உங்கள் அளவுகோலைச் சரிபார்த்துக் கொடுக்கும். சாயத்தின் மணிகளே தடை என்பதால் இம்முறையில் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் வரைதான் விவரம். அதைவிட நுண்ணிய விவரம் தெரிந்ததாக அறிக்கையில் எழுதக்கூடாது.

பல்கலை நகர், பேஜ் வேலை

செடி வைரஸ் கைகொடுக்காவிட்டால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பேஜ் எடுங்கள். வைகைத் தண்ணீரையோ சாக்கடை நீரையோ வடிகட்டி ஈ. கோலையோடு வளர்த்தால் சில நாளில் பிளேக் (பாக்டீரியா அழிந்த தெளிந்த வட்டம்) வரும். பேஜைச் செறிவாக்க 10% பெக் 8000 (பாலிஎத்திலீன் கிளைக்கால்), 1 மோலார் உப்பு, 4 டிகிரியில் ஓர் இரவு. பிறகு வீழ்படிவைப் பஃபரில் கரைக்கலாம். கிரிட்டுக்கு மில்லிலிட்டருக்கு 10⁹ பேஜாவது வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் கட்டம் கட்டமாகத் தேடியே நாள் போகும். பெக் மிச்சம் பின்னணியைக் கறைபடுத்தும், அதையும் கழுவுங்கள்.

பெங்களூரில் இருக்கும் அவனியாபுரத்துக்காரர்

கிரையோ, அதாவது மாதிரியைச் சாயமில்லாமல் உறையவைத்துப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி முறை பற்றி. இங்கே என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) வளாகத்தில் தேசிய கிரையோ மையம் இருக்கிறது. நல்ல நெகடிவ் ஸ்டெயின் படம் கையில் இல்லாமல் கிரையோ நேரம் கேட்கவேண்டாம் தம்பி, தங்கச்சிகளே. துகள் உடைந்திருக்கிறதா, ஒட்டிக் குவிந்திருக்கிறதா என்பதை அதுதான் மலிவாகச் சொல்லும்.

மாதிரியை நேரே திரவ நைட்ரஜனில் முக்கினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் நிலையிலேயே இருப்பதால் கிரிட்டைச் சுற்றி வாயுப் படலம் போர்த்திக்கொள்ளும். குளிர்வு தாமதமாகி நீர் படிகமாகும். அதனால் திரவ ஈத்தேனில்தான் முக்கவேண்டும்: அது மைனஸ் 183இல் உருகி மைனஸ் 89இல்தான் கொதிக்கும், படலம் வராது, நீர் கண்ணாடி போல் உறையும். பிறகு மைனஸ் 140க்கு மேலே ஒருமுறை ஏறினாலும் அது படிகமாகிவிடும். ஆகவே கிரிட் பெட்டியை மாற்றும் ஒவ்வொரு அசைவும் நைட்ரஜனுக்குள்ளேயே.

கணினி வேலை உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். துகள் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் கட்டும் மென்பொருளான ரிலையானின் பயிற்சித் தரவு, எம்பியர் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் 10204ஆம் எண், பீட்டா காலக்டோசிடேஸ் என்ற நொதி. இருபதுமுகச் சமச்சீர் வைரஸில் 1,000 துகள் எடுத்தாலே, ஒவ்வொன்றிலும் ஒரே பகுதி 60 முறை வருவதால், 60 மடங்காகி 60,000 பிரதியாகச் சராசரி எடுக்கலாம். புதியவருக்கு வைரஸ் வசதியாவது இதனால்தான். ஆனால் டெம்ப்ளேட் (முன்கூட்டியே தரும் அச்சு வடிவம்) வைத்துத் துகள் பொறுக்கும்போது வெறும் இரைச்சலிலிருந்தும் அந்த டெம்ப்ளேட் வடிவமே திரும்பி வரும். முதல் சுற்றை டெம்ப்ளேட் இல்லாமல் செய்து, 2டி சராசரியில் டெம்ப்ளேட்டில் இல்லாத விவரம் புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்த ஆண்டுக்காரர்களுக்கு: மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடை ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் முந்தின ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். பொங்கலுக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.