புதிதாக முளைத்த பல்லில் வெள்ளைத் திட்டு, எனாமல் திரும்ப வளராதா?

உப்புவெளி அம்மா: மகனுக்கு 7 வயது. புது முன்பல்லில் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளைத் திட்டு. எலும்பு முறிந்தால் பொருந்துகிறது, எனாமல் மட்டும் ஏன் வளராது?

கோணேசர் வீதி: அக்கா, எனாமல் என்பது பல்லின் கடினமான மேலுறை, அதைச் செய்கிற அமெலோபிளாஸ்ட் கலங்கள் பல் முரசுக்குள் இருக்கும்போதே வேலையை முடித்துவிடும். முதலில் அமெலோஜெனின் போன்ற புரதங்களைச் சுரந்து மெத்தென்ற அச்சுப் போடும், அப்புறம் அதே கலங்கள் அந்தப் புரதத்தையும் நீரையும் வெளியே எடுத்துக் கல்சியம், பொஸ்பேற்றை உள்ளே விடும், கடைசியில் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம்தான். பல் வெளியே வரும்போது கலங்கள் அழிந்துவிடும், பிறகு திருத்த ஆளில்லை. எலும்புக்குள் கலங்கள் உயிரோடு இருக்கின்றன, அதுதான் வித்தியாசம்.

கிண்ணியா தம்பி: சின்னதில் எந்தத் தண்ணீர் குடித்தவர்?

உப்புவெளி அம்மா: 3 வயது வரை மதவாச்சியில், கிணற்றுத் தண்ணீர்.

கிண்ணியா தம்பி: அந்தப் பக்கக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் அதிகம், எனாமல் உருவாகும்போது அது கூடினால் இப்படி வெள்ளைத் திட்டு வரும். முன்பல் எனாமல் உருவாகிற வயதும் அதுதான். ஆனால் கடும் காய்ச்சல், பால்பல்லில் அடி பட்டாலும் திட்டு வரும், பல் டொக்டரிடம் காட்டுங்கள். தேசிக்காய், உப்பு போட்டு மட்டும் தேய்க்காதீர்கள், இருக்கிறதும் கரைந்துவிடும்.