முந்தழைப்பும் பெருஞ்சுற்றும்: ‘ஏர்லி ஆஃபர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நியூ ஜெர்சி நண்பர் தொடங்கிய இழைக்கு இந்த மடல். பல்கலைக்கழகங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இடங்களில், முன்னதாக வரும் ‘ஏர்லி’, பிறகு வரும் ‘ரெகுலர்’ இரண்டுக்கும் தமிழ் வேண்டும், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஒரே சொல்லாக இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார். முன்சேர்க்கை, முன்கூட்டிய அனுமதி, முன்பட்டச் சேர்க்கை என்று மூன்று பரிந்துரைகள் வந்துவிட்டன. ‘ரெகுலர்’ என்பதற்கு வழமையான அனுமதி என்பதைப் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரிகிறது. இதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. காரணம், ‘முன்கூட்டிய அனுமதி’ என்று துண்டறிக்கையில் அச்சடித்து, கனடாவின் டொராண்டோவில் உள்ள ஸ்கார்பரோவில் பெற்றோர் கையில் கொடுத்தவன் நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு சனிக்கிழமைக் கூட்டம் வைத்தோம். பிப்ரவரி மாதக் கடைசி. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து கைப்பேசியை நீட்டினார். திரையில் மகளின் விண்ணப்பப் பக்கம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு நேரே இடம் தருவதாகச் செய்தி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் நிபந்தனைகள், அதற்கும் கீழே பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள், ஜூனில். அவர் எங்கள் துண்டறிக்கையை நான்காக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். “தம்பி, முன்கூட்டிய அனுமதி வந்திட்டுது. இனி மற்ற இடங்களுக்குப் போட்டதை எடுத்துவிட வேணுமோ? அனுமதி எடுத்தாப் பிறகு மற்றவையின்ர இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறது பிழையெல்லோ?”

அவர் கேட்டதில் பிழை இல்லை. அவர் படித்த இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதி, இசட் புள்ளி என்ற சமப்படுத்திய மதிப்பெண் வந்து, வெட்டுப்புள்ளி என்ற ‘கட் ஆஃப்’ வந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ‘அனுமதி’ என்ற சொல்லே வரும். அது கடைசிச் சொல். ‘கம்பஸ் கிடைச்சது’, அதாவது பல்கலைக்கழகம் கிடைத்தது என்றால் கிடைத்ததுதான். அந்தக் கனமான சொல்லின் முன்னால் ‘முன்கூட்டிய’ என்று ஒட்டியபோது அவருக்கு விளங்கியது, கடைசி முடிவு சீக்கிரமாக வந்துவிட்டது என்று.

அன்றைக்கே இன்னொருவர். அவர் மகனுக்கு எதுவும் வரவில்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாசியிலேயே வந்திட்டுது. இவனுக்கு இல்லையெண்டுதானே அர்த்தம்” என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். பையன் கொஞ்சம் தள்ளி, தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு எழுபத்தெட்டு நாட்கள் கழித்து, மே மாதத்தில், கேட்ட துறையிலேயே இடம் கிடைத்தது. அந்த எழுபத்தெட்டு நாட்களும் அந்த வீட்டில் எப்படிப் போயின என்பதை அவர் அப்புறம் ஒருமுறை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் சொல் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு அதுவே காரணம்.

இங்கே ஒன்டாரியோவில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் குவெல்ஃபில் இருக்கும் பொது விண்ணப்ப மையத்தின் வழியாக ஜனவரி நடுப்பகுதிக்குள் விண்ணப்பிக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களைப் பார்க்கின்றன. ஆனால் ஆறும் ஒரே நேரத்தில் கையில் இருக்காது. முதல் அரையாண்டு ஜனவரியில் முடிந்து அதன் மதிப்பெண்கள் பிப்ரவரியில் போகும். இரண்டாம் அரையாண்டின் இடைக்கால மதிப்பெண்கள் ஏப்ரலில் போகும். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணையும் முதல் அரையாண்டையும் வைத்தே சிலருக்கு முதலில் இடம் சொல்லிவிடுவார்கள். அதுதான் ‘ஏர்லி ஆஃபர்’. மற்றவர்களுக்கு ஏப்ரல் மதிப்பெண் வந்த பிறகு. கணிதமும் இயற்பியலும் முதல் அரையாண்டில் எடுத்த பிள்ளைக்கும் இரண்டாவதில் எடுத்த பிள்ளைக்கும் இதனாலேயே வித்தியாசம் வரும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான், பாடம் வந்த வரிசை. வாட்டர்லூ பொறியியல் போன்ற போட்டி மிகுந்த இடங்களில் பெரும்பாலான அழைப்புகள் மே மாதத்தில்தான் போகின்றன. பிப்ரவரியில் வந்தவருக்கும் மேயில் வந்தவருக்கும் பதில் சொல்லும் கெடு ஒன்றுதான், ஜூன் தொடக்கம். முதலில் வந்தது பிள்ளையை எதற்கும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுவது பல்கலைக்கழகம், அதுவும் இறுதி மதிப்பெண் குறையாமல் இருந்தால் மட்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ‘ஏர்லி’ என்பது பிள்ளை விண்ணப்பிக்கும் நேரம். பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15-க்குள் போட வேண்டும், டிசம்பர் நடுவில் முடிவு. அதிலும் இரண்டு வகை. ‘ஏர்லி டிசிஷன்’ என்றால், இடம் கிடைத்தால் சேருவேன், மற்ற விண்ணப்பங்களை எடுத்துவிடுவேன் என்று பிள்ளை கையெழுத்திட வேண்டும். பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் கூடவே கையெழுத்திட வேண்டும். ‘ஏர்லி ஆக்‌ஷன்’ என்றால் அந்தக் கட்டு இல்லை, மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு வைத்திருப்பது இதற்கு நடுவில் ஒன்று: முன்கூட்டி விண்ணப்பிப்பதை எங்களிடம் மட்டும் செய், ஆனால் சேருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்போது பாருங்கள். ஸ்கார்பரோ அம்மா தன் மகளைப் பற்றிப் பயந்தது, நியூ ஜெர்சியில் கையெழுத்துப் போட்ட பிள்ளைக்கு உண்மையாகவே பொருந்தும். அங்கே அவர் மற்ற விண்ணப்பங்களை எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ஒரு நாட்டில் சரியான அறிவுரை இன்னொரு நாட்டில் பிள்ளையின் வாய்ப்பைப் பறித்துவிடும். ஆகவே நண்பர் கேட்ட ‘ஒரே சொல்’ வேண்டாம் என்பது என் கருத்து. எது முதலில் வருகிறது என்பதைவிட யார் யாருக்குக் கட்டுப்படுகிறார் என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

‘முன்’ என்ற ஒட்டு இங்கே உதவாது. முன்பதிவு, முன்பணம், முன்னுரை என்று எதை எடுத்தாலும், முக்கியமான விஷயம் நடப்பதற்கு முன் செய்யும் இன்னொரு காரியத்தையே அது குறிக்கிறது. முன்சேர்க்கை என்றால் சேர்க்கைக்கு முந்திய ஏதோ ஒரு சடங்கு என்றே காதில் விழும். ‘முன்பட்டம்’ அழகான உழவுச் சொல், விதைப்புக் காலத்தை நினைவூட்டுகிறது. ஆனால் பல்கலைக்கழகப் பேச்சில் பட்டம் என்றால் பட்டம்தான். இளங்கலைக்குக் கீழே ஏதோ படிப்பு என்று நினைப்பார்கள்.

‘முந்து’ நன்றாக நிற்கும். தொல்காப்பியப் பாயிரத்திலேயே ‘முந்துநூல் கண்டு’ என்று வருகிறது. பந்திக்கு முந்து என்று பேச்சிலும் இருக்கிறது. வினைத்தொகை என்பதால் அடுத்த எழுத்து மிகாது, ஊறுகாய் மாதிரி. முந்து சுற்று என்றே எழுதலாம், நடுவில் ‘ச்’ தேவையில்லை.

அடுத்தது ‘ஆஃபர்’. இதை அனுமதி என்றோ சேர்க்கை என்றோ சொல்வதுதான் குழப்பத்தின் வேர். ஒதுக்கீடு என்றால் தமிழ்நாட்டில் வேறு பெரிய பொருள் இருக்கிறது. நான் ‘அழைப்பு’ என்கிறேன். கல்யாணத்துக்கு அழைப்பு வருகிறது. வந்த அழைப்பை ஏற்கலாம், மறுக்கலாம், ஒரே நாளில் நான்கு வந்தால் எதற்குப் போவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசலாம். அழைத்தவருக்குத்தான் பொறுப்பு. முந்து, அழைப்பு இரண்டும் சேர்ந்தால் முந்தழைப்பு. ஒன்டாரியோ வகைக்கு இது போதும்.

‘ரெகுலர்’ என்பதற்கு வழமையான என்று சொன்னால், முதலில் வந்தவர் ஏதோ விசேஷம், மற்றவர் சாதாரணம் என்று ஆகிவிடுகிறது. பிந்து என்று வைத்தால் இன்னும் மோசம், அந்தப் பையன் முகம் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் தங்களுக்குள் ‘மெயின் ரவுண்ட்’ என்கிறார்கள். அதையே பெருஞ்சுற்று ஆக்கலாம். ‘பெருஞ்சுற்று இன்னும் வரவில்லை’ என்று ஓர் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், அதில் நம்பிக்கை இருக்கிறது.

அமெரிக்கக் கட்டு வகைக்கு ‘உறுதிமொழி விண்ணப்பம்’. அதில் ‘முந்து’ வேண்டியதே இல்லை, ஏனென்றால் ஜனவரி கெடுவுடன் இரண்டாம் ‘ஏர்லி டிசிஷன்’ வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. நேரம் மாறினாலும் உறுதிமொழி மாறுவதில்லை. கட்டில்லாததற்கு ‘முந்து விண்ணப்பம்’.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து

—

மறுபடியும் வணக்கம்.

மூன்று நாட்களில் பதினாறு மறுமொழிகள். எல்லோருக்கும் நன்றி. இரண்டுக்கு மட்டும் இங்கே பதில்.

மதுரை ஆசிரியர் ஐயா எழுதியது: “தமிழ்நாட்டில் அழைப்புக் கடிதம் என்றால் நேர்காணலுக்கோ கலந்தாய்வுக்கோ வரச்சொல்லும் கடிதம். இடம் கிடைத்ததாக எங்கள் மாணவர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள்.”

ஐயா, இது சரியான தடை, நான் யோசிக்கவே இல்லை. கலந்தாய்வு என்ற சொல்லே ‘கவுன்சிலிங்’ என்பதற்குப் பக்கத்தில் ஊன்றி நின்றுவிட்ட சொல், அதன் துணையாக வந்த அழைப்பையும் தள்ள முடியாது. ஆனால் நீங்களே ‘இடம் கிடைத்ததாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இடம் என்பது ஒரே பொருளில் வழங்குகிறது. ஆகவே தலைப்பில் ஒருமுறை ‘இட அழைப்பு’ என்று முழுதாகச் சொல்லிவிட்டு, கீழே முந்தழைப்பு, பெருஞ்சுற்று அழைப்பு என்று தொடரலாம். சிங்கப்பூர் அக்கா சொன்ன ‘இடமளிப்பு’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இடமளிப்பது என்ற வழக்கு குறுக்கே வருகிறது. அதோடு, அளித்தாயிற்று என்ற முடிந்த தொனி அதிலும் இருக்கிறது.

நியூ ஜெர்சி நண்பர் கேட்டது: “உறுதிமொழி என்றால் ஏதோ உயர்ந்த விஷயம் மாதிரி ஒலிக்கிறதே? இந்த முறை பணக்காரப் பிள்ளைகளுக்கே சாதகம் என்று எவ்வளவோ விமர்சனம் இருக்கிறது.”

விமர்சனம் நியாயமானது. நிதியுதவிக் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டிய குடும்பம், ஒரே இடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஒப்பிட எதுவும் கையில் இருக்காது. 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய முறைகளையே கைவிடுவதாக அறிவித்ததற்கு இந்தச் சமத்துவக் கேள்விதான் பின்னணி. 2011-ல் இரண்டும் கட்டில்லாத வகையில் திரும்பிவிட்டன. ஆனால் விமர்சனத்தைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். உறுதிமொழி என்ற சொல்லைக் கண்டவுடன் பெற்றோர் ‘யார், எதற்கு உறுதி கொடுக்கிறோம்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் போதும். ‘பிணை விண்ணப்பம்’ என்று நீங்கள் சொன்னது நீதிமன்ற ஜாமீனுக்குப் போய்விடும்.

துண்டறிக்கையின் புது வடிவம் அடுத்த சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாசி, வைகாசி என்று எழுதாமல் பிப்ரவரி, மே என்றே போடுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மாசி என்றால் பிப்ரவரி, ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது மார்ச்சுக்குள்ளும் நீளும். முதல் பத்தி இப்படி இருக்கிறது:

“பிப்ரவரியில் வருவது முந்தழைப்பு. அது வந்தால் வேறு எந்த விண்ணப்பத்தையும் எடுக்க வேண்டாம். பதில் சொல்ல ஜூன் வரை நேரம் உண்டு. இறுதி மதிப்பெண் நிபந்தனைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தழைப்பு வராவிட்டால் மறுத்துவிட்டார்கள் என்று பொருளில்லை. பெருஞ்சுற்று மே மாதத்தில்.”

ஒரு சொல் இன்னும் கிடைக்கவில்லை. இறுதி மதிப்பெண் போய், நிபந்தனை நிறைவேறி, அழைப்பு உறுதியாகும் அந்தக் கட்டத்துக்கு என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமைக்குள் யாராவது சொன்னால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து