புதுப்பிப்பு: ஐடி வேலையை விட்டுட்டு ஸ்கேட்போர்டு

"வேலையை விட்டுட்டு ஸ்கேட்போர்டு கத்துக்கொடுக்கப் போகலாமா?"ன்னு முன்னாடி கேட்டிருந்தேன். பாதிப் பேர் "சோத்துக்கு என்ன வழி?"ன்னீங்க. நியாயமான கேள்விதான்.

விட்டாச்சு. மாமல்லபுரம் பக்கம் காலையில பசங்களுக்குப் பயிற்சி. ஆனா காசு வர்றது ரிப்பேர்லதான்! கடற்கரை மணல் பேரிங்குக்குள்ள போய் கரகரன்னு சத்தம் வரும். கழற்றிக் கழுவி, காயவெச்சு எண்ணெய் விட்டுத் தர்றேன். வழவழப்பான ஸ்கேட் பார்க் தளத்துக்கு 99ஏ சக்கரம் சரி (எண் கூடினா சக்கரம் கெட்டி). நம்ம ரோட்டுல அதை ஓட்டினா பல்லு ஆடிடும், மெத்துன்னு இருக்கிற 78ஏ மாத்துங்க.

2020 டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயே இதைச் சேர்த்துட்டாங்கன்னு அப்பாகிட்ட காட்டினேன். "சம்பளம் உண்டா?"ன்னார். ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக்கே 1992-ல பேர்ட்ஹவுஸ்ங்கிற ஸ்கேட்போர்டு கம்பெனி ஆரம்பிச்சப்ப காசுக்குத் திண்டாடினவர்தான்னு சொன்னேன், அப்பா அசையல.

அடுத்த தலைவலி ஐப்பசி மழை. அப்போ வகுப்பு நடக்காது. கூரை போட்ட இடம் வாடகைக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.