பூச்சிமருந்து அடிப்பவர் இரத்தத்தில் மரபணு உடைவது எதனால்: மருந்தா, பீடியா?

பவானிக்கரை: பொள்ளாச்சி தோப்புக்காரர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பூச்சிமருந்து மரபணுவைச் சிதைக்கிறது என்பது இயற்கை அங்காடிக்காரர்கள் கிளப்பிய பீதியாம். மருந்தடிக்கும் ஆட்களின் இரத்தத்தில் சேதம் இருந்தால் அது பீடியால் வந்ததாம். என் அப்பா மஞ்சளுக்கும் வாழைக்கும் மருந்தடித்துக் கூலி வாங்கியவர். பீடியைத் தொட்டதே இல்லை. பல நாடுகளில் தெளிப்பாளர்களின் இரத்த அணுக்களைச் சோதித்திருக்கிறார்கள். டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் காமெட் சோதனையில் உடைந்த டிஎன்ஏ வால்போல நீண்டு தெரிகிறது. குரோமோசோம் துண்டுகள் அணுவின் உட்கருவுக்கு வெளியே நுண்கருக்களாகத் தனியே நிற்கின்றன. இதுவா பீதி?

பொள்ளாச்சி தோப்புக்காரன்: அம்மிணி, உங்கள் அப்பா குடிக்காவிட்டால் ஊரே குடிக்கவில்லையா? டேங்கை மாட்டும் முன் ஒரு பீடி, இறக்கியதும் ஒரு பீடி. புகையாலும் குரோமோசோம் உடையும். என் அப்பா காலமெல்லாம் தென்னை வேரில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைப் பையில் கட்டியவர். 80 வயதிலும் தோப்பைச் சுற்றி வருகிறார்.

பவானிக்கரை: வேரில் பையைக் கட்டுவதும் எதிர்க்காற்றில் தெளிப்பதும் ஒன்றா? கட்டியது உங்கள் அப்பாவா, அவர் வைத்திருந்த ஆளா? ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் சிலவற்றின் நஞ்சை உடலில் உடைக்கும் பான்1 என்ற நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அப்பா தாங்கினார் என்பதற்காக எல்லோரும் தாங்க வேண்டுமா? அந்த மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடுத்தார்கள். 2023-ல் அதன் 36 சதவீதக் கரைசலையும் தடை செய்தார்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரன்: தடை வேறு, மரபணு வேறு. பீடிக்குப் பதில் சொல்லுங்கள்.

பல்லடம் வெங்காயம்: தோப்புக்காரர் பேசுவதில் நியாயம் இருக்கிறது. சின்ன வெங்காயத்தில் கோழிக்கால் நோய் விழுந்தால் பவானிக்கரை வந்து கடனை அடைப்பாரா? மருந்தில்லாமல் ஒரு ஏக்கர் எடுத்துக் காட்டிவிட்டுப் பேசட்டும்.

புதிய வாசகர்: ஒரு சந்தேகம். இரத்த அணுவில் உடைவது பிள்ளைகளுக்குப் போகாது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ நேர்ந்தால்தான் போகும். நீங்கள் எதைப் பற்றி விவாதிக்கிறீர்கள்?

பவானிக்கரை: வெங்காயக்காரரே, மருந்தே வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுக்காமல் வெறுங்கையால் கலக்கச் சொல்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். பீடிக் கதைக்கும் பதில் இதோ: நல்ல ஆய்வுகளில் மருந்தே அடிக்காதவர்களையும் வயது, புகைப்பழக்கம் பார்த்துப் பொருத்தி எடுத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். 2015-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மாலத்தியான், டயசினான் என்ற பூச்சிமருந்துகள், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மூன்றையும் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று 2ஏ பிரிவில் வைத்தது. அவர்களும் பீடிக் கணக்கு தெரியாதவர்களா?

பொள்ளாச்சி தோப்புக்காரன்: அதே 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிளைபோசேட்டால் புற்றுநோய் வர வாய்ப்பில்லை என்றதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? எல்லா ஆய்விலும் சேதம் தெரிவதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நொய்யல் வாசி: நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி நிலமெல்லாம் கெட்டதை யாரும் பேசவில்லை. விவசாயி மட்டும் குற்றவாளியா?

பல்லடம் வெங்காயம்: திருப்பூர்க்காரர்கள் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே நல்லது. பனியன் பணத்தில் வீடு கட்டியவர்கள்தானே நீங்கள்.

நொய்யல் வாசி: நான் கூலிக்கு வேலை பார்த்தவன். பார்த்துப் பேசுங்கள்.

பவானிக்கரை: சாயத்தை வேறு இழையில் பேசுங்கள். தெளிப்பாளரின் துணியைத் துவைக்கும் பெண்கள், மருந்தடித்த காட்டில் மறுநாளே களை வெட்டும் பெண்கள் பீடி குடிக்கிறார்களா? தோப்புக்காரரே, நேராகப் பதில் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரன்: வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்கள். அதுவும் புகையிலைதான்.

பவானிக்கரை: எந்தப் பெண்ணிடம் கேட்டீர்கள்? உங்கள் தோப்பில் வேலை செய்பவர்களின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு அடித்தவர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பீர்கள். இரத்தத்தில் நுண்கரு தெரிந்தால் பீடி என்பீர்கள். பெண் என்றால் வெற்றிலை. மருந்தை மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டீர்கள்.

பொள்ளாச்சி தோப்புக்காரன்: என் ஆட்களைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமையில்லை. பீடி குடிக்காத தெளிப்பாளர்களை மட்டும் வைத்து எடுத்த ஆய்வைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

பல்லடம் வெங்காயம்: அதுவரை வெங்காயம் சாப்பிடாமல் இருக்கட்டும்.